ஜேஜே ரெடிக்: நாலு வருடக் கல்லூரி ஆட்டத்தை ஒரே ராத்திரியை வைத்தா எடை போடுவது?

#1 கோர்ட்டோரம்

நேற்று தூக்கம் பிடிக்காமல் பழைய அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். 2006 மார்ச் 23, அட்லாண்டா. டியூக் பல்கலைக்கழகமும் எல்எஸ்யூவும் (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) மோதிய, தேசியக் கோப்பைப் போட்டியின் பதினாறு அணிச் சுற்று. டியூக் அந்தப் பிரிவில் முதல் தரவரிசை அணி. 62-54 என்று தோற்றது. நாட்டிலேயே சிறந்த வீரர் என்று அந்த வருடம் பேரெடுத்த டியூக் ஷூட்டிங் கார்டு ரெடிக் 18 முறை போட்டதில் 3 மட்டுமே விழுந்தது. மொத்தம் 11 புள்ளி. அழுதுகொண்டே வெளியே போனார். கல்லூரிச் சட்டையில் அவர் ஆடிய கடைசி ஆட்டம் அது.

அந்த சீசனில் ஆட்டத்துக்கு 26.8 புள்ளி சராசரி வைத்திருந்த மனிதர் அவர். நான்கு வருடத்தில் 2769 புள்ளி. இன்றுவரை டியூக்கில் அதைத் தாண்டிய ஆண் வீரர் இல்லை. ஆனால் அவர் பெயரை எங்கே எடுத்தாலும், 'பெரிய ஆட்டத்தில் காணாமல் போகிறவர்' என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார். எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. உங்களுக்கு?

#2 பெஞ்ச்வாசி

அநியாயம் எல்லாம் ஒன்றும் இல்லை. கணக்கைப் பாருங்கள். 2003இல் கேன்சஸிடம் தோல்வி. 2004இல் அரையிறுதியில் கனெக்டிகட்டிடம் தோல்வி. 2005இல் மிச்சிகன் ஸ்டேட். 2006இல் எல்எஸ்யூ. நாலு வருடம், கோப்பை பூஜ்யம். டியூக் 2001இல் வென்றது, 2010இல் வென்றது, நடுவில் இவர் இருந்தபோது இல்லை. டியூக்குக்கு ஆடப் போனால் கோப்பைதான் அளவுகோல். புள்ளி எண்ணிக்கை பத்திரிகைக்காரர்களுக்கு.

#3 தார்_ஹீல்_தமிழன்

வட கரோலினா ரசிகன் என்ற முறையில் இந்த இழையில் நான் வாயைத் திறக்கவே கூடாது. ஆனாலும் திறக்கிறேன்.

எங்கள் சேப்பல் ஹில்லுக்கும் அவர்கள் டர்ஹமுக்கும் நடுவே காரில் போனால் கால் மணி நேரம். பக்கத்து வீட்டுச் சண்டை மாதிரி இது. ரெடிக்கை நாங்கள் வெறுத்தோம், அதை மறைக்க முடியாது. ஏன் வெறுத்தோம் என்று யோசித்தால் பதில் ஒன்றுதான்: போட்டால் விழுந்தது. விழுந்ததும் தலையை ஆட்டிக்கொண்டு, எதிரணிக் கூட்டத்தைப் பார்த்து ஒரு பார்வை. அந்தப் பார்வை இருக்கிறதே!

2006 மார்ச் 4, டியூக்கின் சொந்த அரங்கான கேமரனில் அவருக்குக் கடைசி ஆட்டம். நாங்கள் 83-76 என்று ஜெயித்தோம். முதலாண்டு மாணவனாக வந்த டைலர் ஹான்ஸ்ப்ரோ 27 போட்டான். ரெடிக் அந்த வருடம்தான் டிக்கி ஹெம்ரிக் 1955இலிருந்து வைத்திருந்த ஏசிசி (எங்கள் இரு அணியும் ஆடும் கல்லூரி லீக்) மொத்தப் புள்ளிச் சாதனையை உடைத்திருந்தார். 2009இல் அதை உடைத்தது யார் தெரியுமா? வழியனுப்பு விழாவைக் கெடுத்த அதே ஹான்ஸ்ப்ரோ. இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. மன்னியுங்கள்.

#4 புதுப்பந்து

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். போன வருடம்தான் இந்த ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஷூட்டிங் கார்டு என்றால் நின்ற இடத்தில் நின்று தூரத்திலிருந்து போடுகிறவர் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதானா? அப்படியானால் இத்தனை சண்டை எதற்கு?

#5 சுண்டுவிரல்

புதுப்பந்து தம்பி, நல்ல கேள்வி. நான் கல்லூரி அணியில் மூன்று வருடம் அந்த இடத்தில்தான் ஆடினேன் (அகில இந்திய அளவு எல்லாம் இல்லை, மண் கோர்ட்டு அளவு). அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பாயிண்ட் கார்டு பந்தைக் கொண்டு வருகிறவர். ஷூட்டிங் கார்டு பந்துக்காக இடம் உண்டாக்குகிறவர். நின்ற இடத்தில் நின்றால் எதிராளி மூக்குக்கு நேராக வந்து நிற்பான், பந்தே வராது. அதனால் ஓட வேண்டும். கூடைக்கு அடியில் ஆரம்பித்து, நம் அணியின் உயரமான ஆள் அசையாமல் நின்று எதிராளியை மறிக்கும் ஸ்கிரீனை உரசிக்கொண்டு வெளியே வரவேண்டும். உரசுவது முக்கியம். நடுவில் ஒரு கை அகலம் இடம் விட்டாலும் எதிராளி அதில் நுழைந்துவிடுவான். அவன் பின்னாலேயே துரத்தி வந்தால் நாம் உள்ளே வளைந்து கூடையை நோக்கிப் போக வேண்டும். அவன் குறுக்கு வழியில் வந்தால் நாம் விலகி மூலைக்கு ஓட வேண்டும். இந்த முடிவை எடுக்கக் கிடைப்பது ஒரு கண் சிமிட்டும் நேரம். அப்புறம் பந்து கைக்கு வரும்போது இரண்டு காலும் ஏற்கெனவே ஊன்றி, தோள் கூடையைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். பந்தை வாங்கிய பிறகு திரும்பினால் நேரம் போய்விடும்.

ரெடிக் 6 அடி 4 அங்குலம். அந்த இடத்துக்கு அது பெரிய உயரம் இல்லை. மின்னல் வேகமும் இல்லை, எகிறிக் குதிக்கிற ஆளும் இல்லை. அவரிடம் இருந்தது நிற்காத ஓட்டம். இரண்டாம் வருடம் முடிந்த கோடையில்தான் அவர் உடம்பைச் சரிசெய்தார் என்று டியூக் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். சராசரியைப் பாருங்கள்: முதல் வருடம் 15.0, இரண்டாவது 15.9, மூன்றாவது 21.8, நாலாவது 26.8. அந்தக் கோடைக்கு முன்னும் பின்னும் கை ஒன்றுதான், வீச்சு ஒன்றுதான். கால் மாறியது.

மாரத்தான் ஓடிக்கொண்டே ஊசியில் நூல் கோர்க்கிற வேலை, தம்பி. அதுதான் ஷூட்டிங் கார்டு.

#6 கணக்குப்பிள்ளை

சுண்டுவிரல் அக்கா காலைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் எண்ணைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

139 ஆட்டம். 2769 புள்ளி. தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் மூன்று புள்ளி வீச்சு 1126 போட்டு 457 உள்ளே, அதாவது 40.6 சதவீதம். எல்லா எதிரணியும் இவர் ஒருவரை மறிக்கவே திட்டம் தீட்டிவந்த நிலையில் இந்த சதவீதம். ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா வீச்சான ஃப்ரீ த்ரோ 726க்கு 662, அதாவது 91.2. இரண்டு சீசன்களில் பரவி, தொடர்ந்து 54 ஃப்ரீ த்ரோ தவறாமல் போட்டிருக்கிறார். கடைசி வருடத்தில் மட்டும் 964 புள்ளி.

2006 பிப்ரவரியில் கர்ட்டிஸ் ஸ்டேபிள்ஸின் 413 மூன்று புள்ளி வீச்சுச் சாதனையை முறியடித்தார். ஜானி டாக்கின்ஸின் டியூக் சாதனையான 2556 புள்ளியும் அந்த மாதமே போயிற்று. டாக்கின்ஸ் அப்போது அதே டியூக் பெஞ்சில் உதவிக் கோச். தன் சாதனை போவதைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார் மனிதர்.

கோப்பை பூஜ்யம் என்கிற பெஞ்ச்வாசிக்கு: தேசியக் கோப்பை பூஜ்யம், சரி. ஆனால் 2003, 2005, 2006 மூன்று வருடமும் ஏசிசி கோப்பை டியூக்குக்கு. 2003 இறுதி ஆட்டத்தில் பத்து நிமிடம் இருக்கையில் என்சி ஸ்டேட்டிடம் 15 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். ஜெயித்தார்கள். ரெடிக் 30; அதில் பெரும்பகுதி அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் வந்தது. அப்போது அவர் முதலாண்டு மாணவன். பெரிய ஆட்டத்தில் காணாமல் போகிறவர் இப்படித்தான் போவாரா?

#7 பெஞ்ச்வாசி

கணக்குப்பிள்ளை, கோடு எங்கே இருந்தது என்று சொல்ல மறந்துவிட்டீர்களே. ரெடிக் காலத்தில் கல்லூரி மூன்று புள்ளிக் கோடு 19 அடி 9 அங்குலம். 2008இல் ஒரு அடி பின்னால் தள்ளினார்கள். 2019இல் 22 அடிக்கு மேல் போய்விட்டது. பக்கத்துக் கோட்டில் நின்று போட்டது அந்த 457.

அதுவும் போக, அதே மாநிலத்தில் டேவிட்சன் என்று ஒரு சின்னக் கல்லூரி. அதில் ஸ்டீஃபன் கரி. 2008இல் பத்தாம் தரவரிசை அணியைக் காலிறுதி வரை இழுத்துப்போய், கேன்சஸிடம் இரண்டே புள்ளியில், 59-57 என்று தோற்றார். அந்த ஒரே சீசனில் 162 மூன்று புள்ளி வீச்சு. அவருக்கு, ரெடிக்கோடு டியூக்கில் ஆடிய ஷெல்டன் வில்லியம்ஸ் மாதிரி கூடைக்கு அடியில் ஒரு தூண் கிடையாது. சின்ன அணியை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போனவருக்கு முன்னால் இவர் எம்மாத்திரம்?

#8 கணக்குப்பிள்ளை

கோடு விஷயம் உண்மை. ஆனால் அதே கோட்டிலிருந்துதான் அன்று எல்லோரும் போட்டார்கள். 457 வரை வந்தது இவர் ஒருவர்தான். 2014இல் டிராவிஸ் பேடர் 504 போட்டு அதைத் தாண்டினார். அப்புறம் 2019இல் ஃப்ளெச்சர் மகீ 509. இப்போது டெட்ராய்ட் மெர்சியின் ஆன்ட்வான் டேவிஸ் 588இல் இருக்கிறார். டேவிஸ் ஆடியது ஐந்து வருடம். கொரோனாவால் எல்லோருக்கும் கிடைத்த கூடுதல் வருடம் அது.

அந்த டேவிஸ் கதையிலேயே எண்களின் விளையாட்டு தெரியும். ஐந்து வருடத்தில் 144 ஆட்டம் ஆடி 3664 புள்ளி. பீட் மாராவிச்சின் கல்லூரிச் சாதனையான 3667க்கு மூன்றே மூன்று குறைவு. மாராவிச் அதை எடுத்தது 83 ஆட்டத்தில், மூன்று வருடத்தில். அவர் காலத்தில் மூன்று புள்ளிக் கோடே இல்லை, முதலாண்டு மாணவர்களைப் பெரிய அணியில் சேர்க்கவும் மாட்டார்கள். ஆக, யாரை யாரோடு ஒப்பிட்டாலும் ஒரு காலைக் கட்டிவிட்டு ஓட விடுவது மாதிரிதான்.

கரி பற்றி எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் மூன்றாம் வருடம் அவர் பாயிண்ட் கார்டாக மாறிவிட்டார். ஷூட்டிங் கார்டாகவே நாலு வருடம் முழுக்க நின்றவர் என்றால் பட்டியல் ரொம்பச் சின்னது.

#9 கோர்ட்டோரம்

2004 அரையிறுதியைப் பற்றி யாரும் விவரமாகப் பேசவில்லையே. எனக்கு எல்எஸ்யூ ஆட்டத்தைவிட அதுதான் வலிக்கும். சான் அன்டோனியோ. மூன்றரை நிமிடம்கூட இல்லை, டியூக் 75-67 என்று முன்னால். அங்கிருந்து கனெக்டிகட் தொடர்ந்து 12 புள்ளி. டியூக்கின் உயரமான ஆட்கள் எல்லோரும் ஃபவுல் எண்ணிக்கை நிறைந்து வெளியே போய்விட, கூடைக்கு அடியில் கனெக்டிகட்டின் எமேகா ஒகாஃபோரைப் பிடிக்க ஆளில்லை. முதல் பாதியின் பெரும்பகுதியை பெஞ்சில் இருந்தே கழித்தவர் அவர். போட்ட 18 புள்ளியும் இரண்டாம் பாதியில். கடைசியில் ரெடிக் உள்ளே புகுந்து போகும்போது பந்து கைநழுவிப் போனது. 79-78. ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. நானும் அதில் ஒருவன்தான், ஆனால் அதைச் சொல்லி என்ன பயன்.

அந்த வருடம் அவருக்கு 19 வயது. எதிரணி அரங்குகளில் அவரை எப்படித் திட்டினார்கள் என்று தெரியுமா? மேரிலாந்தில் மாணவர்கள் கூட்டமாகச் சேர்ந்து எழுப்பிய கெட்ட வார்த்தைக் கோஷம் தொலைக்காட்சியில் நேரலையாகப் போனது. அதைத் தடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறதா என்று பல்கலைக்கழகம் மாநிலச் சட்ட அலுவலகத்திடம் கேட்கும் அளவுக்குப் போயிற்று. எங்கிருந்தோ அவர் கைபேசி எண்ணைப் பிடித்து நடுராத்திரியில் கூப்பிட்டார்கள். குடும்பத்தை இழுத்துப் பேசினார்கள். இதற்கெல்லாம் நடுவில் மனிதர் அறையில் உட்கார்ந்து கவிதை எழுதிக்கொண்டிருந்தார். அதைக் கேள்விப்பட்டதும் அதை வைத்தும் கேலி.

#10 தார்_ஹீல்_தமிழன்

கவிதை விஷயத்தில் நாங்களும் கேலி செய்தோம். இப்போது வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம்தான்.

எல்எஸ்யூ ஆட்டத்தில் ரெடிக்கைப் பிடித்தது கேரட் டெம்பிள். அவரும் அந்த சீசனில்தான் கல்லூரி ஆட்டத்துக்கு வந்த புதுசு. 6 அடி 6 அங்குலம், நீளக் கை. அவருடைய அப்பா காலிஸ் டெம்பிள் எல்எஸ்யூ கூடைப்பந்து அணியின் முதல் கறுப்பின வீரர். ரெடிக்கை மறித்தவர் என்ற பெயரோடு வெளியே வந்த கேரட், தொழில்முறை அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்காமல் போயும், தொழில்முறை லீகான என்பிஏவில் பத்து வருடத்துக்கு மேல் பிழைத்தார். ஒரு ராத்திரி ஒருவனை முடித்துவைத்தது என்று நீங்கள் அழுகிறீர்கள். இன்னொருவனை அதே ராத்திரிதான் ஊருக்குக் காட்டியது.

#11 சுண்டுவிரல்

அந்த ஆட்டத்தைப் பற்றி ஷூட்டிங் கார்டு கண்ணோடு ஒரு வார்த்தை.

டெம்பிள் ஒருவரால் மட்டும் அது முடிந்திருக்காது. ஸ்கிரீனில் ஆள் மாற்றாமல் அவர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தார் என்பது நிஜம். ஆனால் ரெடிக் அவரை உதறிவிட்டு உள்ளே வளைந்தால் அங்கே டைரஸ் தாமஸும் கிளென் டேவிஸும் காத்திருந்தார்கள். தாமஸ் எங்கிருந்து எகிறி வந்து பந்தைத் தட்டுவார் என்றே தெரியாது. வெளியே துரத்தல், உள்ளே சுவர். நான் மேலே சொன்னேனே, எதிராளி துரத்தினால் உள்ளே வளை என்று. அந்த வழியையே அடைத்துவிட்டார்கள்.

இன்னொன்று. அந்த வருடம் டியூக்கின் ஆட்டமே ரெடிக், வில்லியம்ஸ் இருவர் மேல்தான் நின்றது. மார்ச் மாதம் வந்தபோது அவர் கால் ஓய்ந்துவிட்டது என்பது என் எண்ணம். கடைசி வீட்டு ஆட்டத்திலும் பிற்பாதியில் வீச்சு குட்டையாகத்தான் விழுந்தது. கால் போனால் பந்து வளையத்தின் முன்விளிம்பில் அடிக்கும். மண் கோர்ட்டு ஆட்டக்காரிக்கும் அது தெரியும், நாட்டின் சிறந்த வீரருக்கும் அதுதான் விதி. பயந்து சுருங்கிப் போனார் என்று சொல்கிறவர்கள் ஒரு தடவை நாற்பது நிமிடம் ஓடிப் பார்க்கட்டும்.

#12 பெஞ்ச்வாசி

அக்கா சொன்னால் ஒப்புக்கொள்கிறேன், கால் ஓய்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் என்பிஏ கணக்கைப் பார்க்கலாமா? 2006 டிராஃப்டில் பதினோராவது ஆளாக ஒர்லாண்டோ எடுத்தது. முதல் இரண்டு வருடம் பெஞ்சில் துண்டு போட்டு உட்கார்ந்திருந்தார். கல்லூரியில் ராஜா, வெளியே வந்தால் கூஜா!

#13 கோர்ட்டோரம்

பெஞ்ச்வாசிக்கு பெஞ்ச்சின் மேல் இவ்வளவு இளக்காரம் ஆகாது :)

ஆடம் மாரிசனை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் ரெடிக்கோடு தோளுக்குத் தோள் நின்ற கொன்சாகா வீரர். 28.1 சராசரி, நாட்டிலேயே முதலிடம். விருதுகளை இருவரும் பங்கு போட்டார்கள். ரெடிக் அட்லாண்டாவில் அழுத அதே ராத்திரி மாரிசன் கலிஃபோர்னியாவில் யுசிஎல்ஏவிடம் 73-71 என்று தோற்றுக் கோர்ட்டிலேயே விழுந்து அழுதார். முதல் பாதியில் 17 புள்ளி முன்னால் இருந்த ஆட்டம். டிராஃப்டில் மாரிசன் மூன்றாவது, ரெடிக் பதினொன்று. மாரிசனுக்கு முழங்கால் போனது, 2010க்குப் பிறகு என்பிஏவில் ஆடவே இல்லை.

ரெடிக் 15 சீசன், 940 ஆட்டம். என்பிஏ கோட்டிலிருந்தே, அந்த 23 அடி 9 அங்குலத்திலிருந்தே 41.5 சதவீதம். (கோடு பக்கத்தில் இருந்தது என்றீர்களே!) 2015-16இல் 47.5 சதவீதத்தோடு லீகிலேயே முதலிடம். அவருடைய மிகச் சிறந்த புள்ளி சராசரி, 18.1, எப்போது வந்தது தெரியுமா? 34 வயதில், ஃபிலடெல்ஃபியாவில். கல்லூரியில் பந்து தன்னைத் தேடி வந்த காலத்தை மறந்துவிட்டு, டிஃபென்ஸ் கற்றுக்கொண்டு, ஆட்டத்தில் ஆறு ஏழு வீச்சுக்காக இரண்டு மைல் ஓடச் சம்மதித்த ஆளால்தான் இது முடியும்.

ஒரு வேடிக்கை: 2009 இறுதிப் போட்டியில் ஒர்லாண்டோவைத் தோற்கடித்த லேக்கர்ஸ் பெஞ்சில் மாரிசன் இருந்தார். சாம்பியன் மோதிரம் அவருக்கு. ரெடிக்குக்கு மோதிரம் கடைசிவரை இல்லை. 2024இல் அதே லேக்கர்ஸ் அவரைக் கோச்சாகக் கூப்பிட்டது.

#14 பெஞ்ச்வாசி

சரி, 'காணாமல் போகிறவர்' என்பதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கரி மேல் கை வைக்காதீர்கள். கோப்பை பூஜ்யம் என்பதும் நிற்கிறது.

#15 தார்_ஹீல்_தமிழன்

பூஜ்யம் நிற்கட்டும். எங்களுக்கு 2005இல் ஒன்று, 2009இல் ஒன்று. சும்மா ஞாபகப்படுத்தினேன்.

#16 புதுப்பந்து

எல்லோருக்கும் நன்றி. சுண்டுவிரல் அக்கா, ஸ்கிரீனை உரசி ஓடுவதைத் தனியாகப் பழக முடியுமா? எங்கள் தெருவில் வளையம் இருக்கிறது, கூட ஆட ஆள் இல்லை.

#17 சுண்டுவிரல்

முடியும் தம்பி. இரண்டு நாற்காலி போதும். ஒன்று கூடையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி, இன்னொன்று எதிர்ப்பக்கம். கூடைக்கு அடியில் ஆரம்பித்து, நாற்காலியின் முதுகைத் தோளால் உரசிக்கொண்டு வெளியே ஓடி வா. பந்தை முன்கூட்டியே அங்கே தரையில் வைத்துக்கொள், குனிந்து எடுக்கும்போதே கால் ஊன்றியிருக்க வேண்டும். போடு, பந்தை எடுத்து மறுபக்கம் வைத்துவிட்டு அடுத்த நாற்காலிக்கு ஓடு. பத்து நிமிடம் நிற்காமல். மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகு விழுகிறதை மட்டும் எண்ணு, முதலில் விழுந்ததை எண்ணாதே.

#18 புதுப்பந்து

இன்று காலை செய்து பார்த்தேன் அக்கா. மூச்சு வாங்கிய பிறகு 20க்கு 2. பிளாஸ்டிக் நாற்காலி, உரசினால் விழுந்துவிடுகிறது.

#19 சுண்டுவிரல்

அதன் மேல் இரண்டு செங்கல் வை.